டிசம்பர் 25 எங்கிருந்து வந்தது?

"டிசம்பர் 25 இயேசு பிறந்த நாளே கிடையாது. அது ரோமானியர்களின் சூரியக் கடவுளுடைய பிறந்தநாள். ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் அதை எடுத்துக் கிறிஸ்தவப் பெயர் சூட்டிவிட்டார்." டிசம்பர் பிறந்துவிட்டால் இந்தச் செய்தி வாட்ஸ்ஆப்பில் சுற்ற ஆரம்பித்துவிடும். கூடவே மித்ரா, ஹோரஸ், கிருஷ்ணர் என்று அதே தேதியில் பிறந்ததாகச் சொல்லப்படும் தெய்வங்களின் பட்டியல் ஒன்றும் வரும். பட்டியலை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். மித்ரா டிசம்பர் 25இல் பிறந்தார் என்று சொல்லும் பழங்கால ஆவணம் ஒன்றுகூட இல்லை. கிருஷ்ணர் தேய்பிறை அட்டமியில் பிறந்தவர் என்பது கோகுலாஷ்டமிக்குச் சீடை தின்கிற குழந்தைக்கும் தெரியும்.

ஆனால் சூரியனைப் பற்றிய பேச்சை அப்படித் தள்ளிவிட முடியாது. அதில் உண்மை இருக்கிறது. சொல்லப்படுகிற விதத்தில் இல்லை. தேதி எப்படி வந்தது என்பது ஒரு கேள்வி. மரமும் பரிசும் விருந்தும் எப்படி வந்தன என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில்தான் பாதிச் சண்டையே வருகிறது. நான் இங்கே அதிகம் பேசப்போவது தேதியைப் பற்றி.

பைபிளில் தேதி இல்லை. இயேசுவின் வாழ்வை எழுதிய நால்வரில் மாற்கும் யோவானும் அவர் பிறந்த கதையைச் சொல்வதே இல்லை. மத்தேயுவும் லூக்காவும் சொல்கிறார்கள், ஆனால் நாளும் மாதமும் அவர்களிடம் கிடையாது. ஆண்டுகூடச் சிக்கல்தான். மத்தேயுவின்படி ஏரோது மன்னன் உயிரோடு இருந்தபோது இயேசு பிறந்தார்; ஏரோது இறந்தது கி.மு. 4இல் என்பது பெரும்பாலோர் ஏற்றுக்கொண்ட கணக்கு. லூக்கா சொல்லும் சிரேனியு காலத்துக் குடிமதிப்பு நடந்தது கி.பி. 6இல். மேய்ப்பர்கள் இரவில் வெளியே மந்தை காத்தார்கள் என்று லூக்காவில் வருகிறதே, குளிர்காலத்தில் அது நடக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. பெத்லகேமின் குளிர் ஐரோப்பியக் குளிர் அல்ல. அந்த ஒரு வரியை வைத்து எந்த மாதத்தையும் நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

முதல் இரண்டு நூற்றாண்டுக் கிறிஸ்தவர்களுக்கு அந்தத் தேதி தேவைப்படவும் இல்லை. அவர்களுக்குப் பெரிய விழா ஈஸ்டர். அதை என்றைக்கு வைப்பது என்பதிலேயே சண்டை போட்டுக்கொண்டார்கள். மறைசாட்சிகளை, அதாவது நம்பிக்கைக்காக உயிர்விட்டவர்களை, நினைவுகூர்வதும் அவர்கள் இறந்த நாளில்தான். இறந்த நாளே அவர்களுக்கு விண்ணகப் பிறந்தநாள். மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஓரிஜென் என்ற கிறிஸ்தவ அறிஞர் பிறந்தநாள் கொண்டாட்டத்தையே கிண்டல் செய்கிறார். பைபிளில் பிறந்தநாள் கொண்டாடியவர்கள் யார் என்று பாருங்கள் என்கிறார்: ஒருவன் எகிப்தின் பார்வோன், இன்னொருவன் ஏரோது (மேலே சொன்ன ஏரோது மன்னனின் மகன்). முதலாமவன் அன்றைக்குத் தன் அப்பம் சுடுவோர் தலைவனைத் தூக்கில் போட்டான். இரண்டாமவன் திருமுழுக்கு யோவானின் தலையை வெட்டினான். நல்லவர் யாரும் பிறந்தநாள் கொண்டாடவில்லை என்பது அவருடைய வாதம்.

இருந்தாலும் ஆர்வம் யாரை விட்டது? 200ஆம் ஆண்டு வாக்கில் அலெக்சாண்டிரியாவின் கிளெமெந்து என்ற கிறிஸ்தவ ஆசிரியர், சிலர் இயேசு பிறந்த நாளைத் துல்லியமாகக் கண்டுபிடிக்க முயல்வதாக எழுதுகிறார். அவர் குறிப்பிடும் எகிப்திய மாதத் தேதிகளை நம் நாட்காட்டிக்கு மாற்றினால் ஒன்று மே 20, இன்னொன்று ஏப்ரல் 19 அல்லது 20. பசிலிதேஸ் என்பவரைப் பின்பற்றியவர்கள் இயேசுவின் திருமுழுக்கை ஜனவரி 6 அல்லது 10இல் கொண்டாடினார்கள் என்றும் சொல்கிறார். டிசம்பர் 25 அவருடைய பட்டியலில் கிடையாது. கவனிக்க வேண்டியது அந்த ஜனவரி 6. அது பின்னால் பெரிய ஆளாக வரும்.

ஒரே ஏட்டில் இரண்டு பிறந்தநாள்

டிசம்பர் 25க்கு நம்மிடம் உள்ள முதல் உறுதியான சான்று ஒரு பரிசுப் பொருள். 354ஆம் ஆண்டுக்காக ரோமில் வாலன்டினஸ் என்ற வசதியான கிறிஸ்தவர் ஒருவருக்கு ஒரு நாட்காட்டிப் புத்தகம் தயாரிக்கப்பட்டது. எழுதியவர் ஃபூரியஸ் டயோனீசியஸ் ஃபிலோகாலஸ். அந்தக் காலத்தில் பேர்பெற்ற எழுத்துக் கலைஞர், பின்னால் போப் தமாசுவுக்காகக் கல்வெட்டுகளும் செதுக்கியவர். மூல ஏடு இன்று இல்லை. பிரதிக்குப் பிரதி எடுத்து அதன் உள்ளடக்கம் நம்மை வந்து சேர்ந்திருக்கிறது.

அதில் எல்லாம் கலந்து கிடக்கிறது. ரோம அரசின் பண்டிகை நாட்காட்டி, கன்சுல்கள் என்ற ரோம உயர் அதிகாரிகளின் பெயர்ப் பட்டியல், நகர ஆளுநர்கள் பட்டியல், ஈஸ்டர் அட்டவணை, ரோம ஆயர்கள் (பிஷப்புகள்) அடக்கம் செய்யப்பட்ட நாட்கள், மறைசாட்சிகளின் நினைவு நாட்கள். அந்த மறைசாட்சிகள் பட்டியலின் முதல் வரி இது: ஜனவரி முதல் தேதிக்கு எட்டு நாள் முன்பு, அதாவது இரு முனை நாட்களையும் சேர்த்து எண்ணும் ரோமானிய முறைப்படி டிசம்பர் 25இல், யூதேயாவின் பெத்லகேமில் கிறிஸ்து பிறந்தார். இறந்தவர்களின் பட்டியல் ஒரு பிறப்போடு தொடங்குகிறது.

இந்த வரி 354ஐவிடப் பழையது என்று கண்டுபிடித்த விதம் எனக்கு மிகவும் பிடித்த துப்பறியும் வேலை. பக்கத்திலேயே இருக்கும் ஆயர்கள் பட்டியல் டிசம்பர் 27இல் தொடங்கி, மாத வரிசையில் ஆண்டைச் சுற்றி, டிசம்பர் 8இல் முடிகிறது. 335 டிசம்பர் 31இல் இறந்த சில்வெஸ்தர் தமக்குரிய இடத்தில் ஒழுங்காக இருக்கிறார். ஆனால் 336 அக்டோபரில் இறந்த மாற்கும், 352 ஏப்ரலில் இறந்த ஜூலியஸும் வரிசை தப்பி, கடைசியில் ஒட்டப்பட்டிருக்கிறார்கள். அப்படியானால் பட்டியலை முதலில் எழுதியது சில்வெஸ்தருக்குப் பிறகு, மாற்குக்கு முன்பு. அதாவது 336ஆம் ஆண்டு. மறைசாட்சிகள் பட்டியலும் அதே சமயத்தில் தொகுக்கப்பட்டதென்றே கொள்கிறார்கள். இரண்டு பட்டியல்களும் டிசம்பர் 25ஐ ஒட்டியே ஆண்டைத் தொடங்குகின்றன என்பதையும் பாருங்கள். ஆகவே 336இல், கான்ஸ்டன்டைன் உயிரோடு இருக்கும்போதே, ரோமத் திருச்சபை அந்த நாளை அறிந்திருந்தது.

இதே ஏட்டில், அரசாங்க நாட்காட்டியில், டிசம்பர் 25க்கு நேராக வேறொரு குறிப்பு இருக்கிறது. "வெல்லப்படாதவனின் பிறந்தநாள், 30 தேரோட்டங்கள்." வெல்லப்படாதவன் என்பது சோல் இன்விக்டஸ், சூரியக் கடவுள். வாட்ஸ்ஆப் செய்தியின் வேர் இதுதான். சான்று பொய்யல்ல. ஆனால் சூரிய விழா டிசம்பர் 25இல் நடந்தது என்பதற்கு இதைவிடப் பழைய ஆவணம் நம்மிடம் இல்லை. ரோமில் சூரியனுக்குப் பழைய விழாக்கள் ஆகஸ்டில் இருந்தன. அக்டோபர் 19 முதல் 22 வரை பெரிய போட்டிகள் நடந்தன, கடைசி நாளில் 36 தேரோட்டங்கள். டிசம்பரைவிட அக்டோபருக்கே மரியாதை அதிகம். 274இல் பேரரசர் ஔரேலியன் ரோமில் சூரியனுக்குப் பெரிய கோயில் கட்டினார் என்பது உண்மை. அதை டிசம்பர் 25இல் திறந்தார் என்று இணையமெங்கும் எழுதியிருக்கிறது. அந்தத் தேதியைச் சொல்லும் பழைய ஆதாரம் கிடையாது. 362இல் பேரரசர் ஜூலியன் எழுதிய சூரியத் துதியில் டிசம்பர் இறுதி விழா பற்றிப் பேசுகிறார். அதற்குள் ரோமில் கிறிஸ்து பிறப்பு விழா கால் நூற்றாண்டைக் கண்டுவிட்டது. இந்த ஆவணங்களை மட்டும் வைத்துப் பார்த்தால் யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று சொல்ல முடியாது. கிறிஸ்தவர்களைப் பார்த்துச் சூரிய பக்தர்கள் அந்த நாளை முன்னிறுத்தினார்கள் என்றுகூட வாதிடும் ஆய்வாளர்கள் உண்டு. அவ்வளவு தூரம் நான் போகமாட்டேன்.

கான்ஸ்டன்டைனைப் பற்றியும் ஒரு வார்த்தை. 321 மார்ச்சில் ஞாயிற்றுக்கிழமையை ஓய்வு நாளாக்கினார். அந்தச் சட்டம் அதைச் சூரியனின் மதிப்புக்குரிய நாள் என்றே குறிப்பிடுகிறது. அவருடைய நாணயங்களில் சூரியக் கடவுள் நெடுநாள் இருந்தார். ஆனால் டிசம்பர் 25 பற்றி அவர் போட்ட சட்டம் எதுவும் இல்லை. 325இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் ஈஸ்டர் தேதியைப் பற்றிப் பேசினார்கள், கிறிஸ்மஸைப் பற்றிப் பேசவில்லை.

சரி, சாட்டர்னாலியா என்ற ரோமானிய விழா? இதையும் சேர்த்துச் சொல்வது வழக்கம். டிசம்பர் 17இல் தொடங்கி 23 வரை நீண்ட அந்தக் கொண்டாட்டம் உண்மையிலேயே கோலாகலமானது. எஜமான் அடிமைக்குப் பரிமாறுவான், சூதாட அனுமதி உண்டு, மெழுகுவர்த்தியும் சின்னச் சின்ன மண் பொம்மைகளும் பரிசாகக் கைமாறும். டிசம்பர் ஒரு காலத்தில் மாதமாக இருந்தது, இப்போது வருடமாகிவிட்டது என்று ஒருவர் சொன்னதைச் சரிதான் என்று ரோமத் தத்துவஞானி செனெகா அலுத்துக்கொள்கிறார். இளைய பிளினி, வீட்டார் போடும் கூச்சல் காதில் விழாமல் இருக்கவே தன் கடற்கரை மாளிகையில் தனி அறை வைத்திருந்தார். ஆனால் அந்த விழா 23இல் முடிந்துவிடுகிறது. 25 அதன் நாள் அல்ல. அதைவிட முக்கியமாக, ஆயர்கள் அதிகம் எரிச்சலடைந்தது ஜனவரி முதல் தேதிக் கொண்டாட்டத்தைப் பார்த்துத்தான். வட ஆப்பிரிக்க ஆயர் அகுஸ்தீன் அன்றைக்கு உபவாசம் இருக்கச் சொன்னார். 567இல் பிரான்சின் தூர் நகரில் கூடிய ஆயர் சங்கம், கிறிஸ்மஸிலிருந்து ஜனவரி 6 வரை எல்லா நாளும் விழா என்றது. ஆனால் புறச்சமயப் பழக்கத்தை மிதித்துப் போட நடுவில் மூன்று நாள் மன்றாட்டு நடத்த வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டது. ஊர் கொண்டாடும் நாளை நாமும் எடுத்துக்கொள்வோம் என்ற எண்ணம் அங்கே தெரியவில்லை. புறச்சமயக் கோயில்களை இடிக்காமல் தேவாலயமாக்குங்கள், பலி கொடுத்த மாடுகளை இனித் திருவிழா விருந்துக்கு அறுக்கட்டும் என்று போப் கிரகோரி ஆங்கிலேயர் நாட்டுக்குப் போன குருவுக்குக் கடிதம் எழுதியது 601இல். அதைக் காட்டி 336ஐ விளக்க முடியாது.

மார்ச்சிலிருந்து எண்ணினால்

இன்னொரு விளக்கம் உண்டு. லூயி துஷேன் என்ற பிரெஞ்சுக் குரு 1889இல் அதை எழுதினார். சூரிய விழாவிலிருந்து கிறிஸ்மஸ் வந்தது என்ற வாதத்தை ஹெர்மன் ஊசனர் என்ற ஜெர்மன் பேராசிரியர் விரிவாக வெளியிட்டதும் அதே ஆண்டில்தான் என்பது வேடிக்கை.

அந்த விளக்கத்தின் சாரம் இது. இயேசு பாஸ்கா என்ற யூதப் பண்டிகைச் சமயத்தில், யூத நிசான் மாதம் 14ஆம் நாளை ஒட்டி இறந்தார். 200 வாக்கில் வட ஆப்பிரிக்காவில் தெர்த்தூலியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் அதை ரோம நாட்காட்டிக்கு மாற்றி மார்ச் 25 என்கிறார். யூத மரபில் பெரியவர்கள் பிறந்த நாளும் இறந்த நாளும் ஒன்றாகவே இருக்கும் என்ற நம்பிக்கை உண்டு. மோசே பிறந்ததும் இறந்ததும் ஆதார் மாதம் 7ஆம் நாளில் என்பார்கள். இதையே கொஞ்சம் மாற்றி, இயேசு இறந்த நாளே அவர் தாயின் வயிற்றில் கருவான நாளும் என்று வைத்தால்? மார்ச் 25இலிருந்து ஒன்பது மாதம் எண்ணுங்கள். டிசம்பர் 25.

கிழக்கே இந்த வாதம் இன்னும் பலமாகிறது. சின்ன ஆசியாவில் (இன்றைய துருக்கி) சில கிறிஸ்தவர்கள் பாஸ்காவை ஏப்ரல் 6இல் நிறுத்தியிருந்தார்கள். அங்கிருந்து ஒன்பது மாதம் எண்ணினால் ஜனவரி 6. மேற்கில் ஒரு தேதி, கிழக்கில் ஒரு தேதி, இரண்டும் ஒரே சூத்திரத்தில் விழுகின்றன. சூரிய விழாக் கோட்பாட்டால் ஜனவரி 6ஐ இவ்வளவு எளிதாக விளக்க முடியாது.

இது வெறும் ஊகம் அல்ல. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகுஸ்தீன் தம் திரித்துவ நூலில் இதைத் தெளிவாகவே எழுதுகிறார்: மார்ச் 25இல் கருவானார், அதே நாளில் பாடுபட்டார், டிசம்பர் 25இல் பிறந்தார் என்பது மரபு. கருவில் வந்த நாளை இன்றைக்கும் மங்கள வார்த்தைத் திருநாளாக மார்ச் 25இல் கொண்டாடுகிறார்கள். குறை என்னவென்றால் அகுஸ்தீன் எழுதியது விழா தொடங்கி முக்கால் நூற்றாண்டு கழித்து. கணக்குப் போட்டுத் தேதி பிடித்தார்களா, தேதி வந்தபிறகு கணக்குச் சொன்னார்களா என்பதற்கு அது பதில் ஆகாது. 4ஆம் நூற்றாண்டுக்கு முன் இந்தக் கணக்கை அப்படியே போட்டுக் காட்டும் நூல் நம்மிடம் இல்லை. மூன்றாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ எழுத்தாளர் ஹிப்போலித்து எழுதிய தானியேல் விளக்கவுரையில் டிசம்பர் 25 வருகிறது, ஆனால் அந்த வரி பின்னால் சேர்க்கப்பட்டது என்று பலர் கருதுகிறார்கள்.

இரண்டு கோட்பாடுகளையும் எதிரெதிராக நிறுத்தி, சூரியனா கணக்கா என்று கேட்பதுதான் வழக்கம். எனக்கு அந்தக் கேள்வியே தப்பாகத் தோன்றுகிறது. ஏனென்றால் அந்தக் கணக்கே சூரியனின் கணக்கு.

ஜூலியஸ் சீசர் நாட்காட்டியைத் திருத்தியபோது ரோமானியர் மார்ச் 25ஐச் சம இரவு நாள் என்றும் டிசம்பர் 25ஐ ஆண்டின் மிகச் சிறிய பகல் என்றும் வைத்துக்கொண்டார்கள். மூத்த பிளினி அப்படித்தான் எழுதுகிறார். வானத்தில் நடந்தது வேறு. சீசர் காலத்திலேயே குளிர்காலச் சங்கிராந்தி டிசம்பர் 23 வாக்கில் வந்தது, 4ஆம் நூற்றாண்டில் 21 வாக்கிற்கு நகர்ந்துவிட்டது. புத்தகத்தில் மட்டும் 25 நின்றது. நம் தை முதல் நாள் மாதிரிதான். உத்தராயணம் அன்றைக்குத் தொடங்குகிறது என்கிறோம். சூரியன் உண்மையில் வடக்கே திரும்புவது டிசம்பர் 21, 22இலேயே.

ஆக மார்ச் 25 என்பது வெறும் பாஸ்கா கணக்கு மட்டுமல்ல, வசந்தத்தின் சம இரவும்கூட. உலகம் படைக்கப்பட்டதே அன்றைக்குத்தான் என்றும் பலர் நம்பினார்கள். ஒளியையும் இருளையும் கடவுள் சரிபாதியாகப் பிரித்தார் அல்லவா? 243இல், வட ஆப்பிரிக்காவாக இருக்கலாம், பெயர் தெரியாத ஒருவர் பாஸ்காக் கணக்கு நூல் ஒன்று எழுதினார். மார்ச் 25 படைப்பின் முதல் நாள், நாலாம் நாள் சூரியன் படைக்கப்பட்டது, அது மார்ச் 28. மல்கியா தீர்க்கதரிசி சொன்ன "நீதியின் சூரியன்" கிறிஸ்து. ஆகவே கிறிஸ்து பிறந்தது மார்ச் 28 என்று முடிக்கிறார். தேதி நமக்கு வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் சிந்தனையின் போக்கைப் பாருங்கள். ஔரேலியன் கோயில் கட்டுவதற்கு முப்பது ஆண்டு முன்பே கிறிஸ்துவின் பிறப்பைச் சூரியனோடு சேர்த்துக் கணக்குப் போட்டாகிவிட்டது.

4ஆம் நூற்றாண்டு நூல் ஒன்று இதை முழுமையாக்குகிறது. லூக்காவில் திருமுழுக்கு யோவானின் தாய் எலிசபெத்து கருவுற்ற ஆறாம் மாதத்தில் காபிரியேல் என்ற தூதர் மரியாளிடம் வந்து இயேசு பிறக்கப்போவதைச் சொல்கிறார். எனவே யோவான் கருவானது செப்டம்பரின் சம இரவில், பிறந்தது ஜூன் 24இல், நீண்ட பகலில். இயேசு கருவானது மார்ச் சம இரவில், பிறந்தது டிசம்பர் குறும்பகலில். ஆண்டின் நான்கு மூலைகளிலும் நான்கு நிகழ்ச்சிகள். ஜூனுக்குப் பிறகு பகல் தேயும், டிசம்பருக்குப் பிறகு வளரும். "அவர் பெருகவும் நான் சிறுகவும் வேண்டும்" என்று யோவான் சொன்னதற்கு வானமே சாட்சி என்று அகுஸ்தீன் பிரசங்கம் செய்தார். யாரோ ஒருவருடைய திருவிழாவைக் கைப்பற்றியவர்கள் இவ்வளவு சிரமப்பட்டு நான்கு தேதிகளை அடுக்கியிருக்க வேண்டியதில்லை. அதே சமயம் சூரியன் மேல் கண் இல்லாதவர்களுக்கு இந்த அடுக்கு தோன்றியிருக்கவும் முடியாது. வாடிகன் பேராலயத்தின் அடியில் தோண்டிய பழைய கல்லறை ஒன்றின் கூரையில், தலையைச் சுற்றிக் கதிர்கள் வீசத் தேரில் ஏறிவரும் உருவம் ஒன்று மொசைக்கில் இருக்கிறது. அதைக் கிறிஸ்து என்றே பெரும்பாலோர் கொள்கிறார்கள்.

சாதாரண மக்களுக்கு இரண்டும் கலந்துதான் இருந்தன. 5ஆம் நூற்றாண்டின் நடுவில் போப் லியோ ஒரு கிறிஸ்மஸ் மறையுரையில் அலுத்துக்கொள்கிறார்: புனித பேதுரு கோயிலுக்கு வருகிற கிறிஸ்தவர்களே படியேறி, உள்ளே போகுமுன் திரும்பி நின்று உதிக்கும் சூரியனைக் கும்பிடுகிறார்களாம்.

முதலில் குற்றம் சாட்டியவர்கள்

ரோமின் தேதியைக் கிழக்கு உடனே ஏற்கவில்லை. அங்கே ஜனவரி 6 வேரூன்றியிருந்தது. பல ஊர்களில் இயேசுவின் பிறப்பும் திருமுழுக்கும் அன்றைக்கே கொண்டாடப்பட்டன. அந்தியோக்கியாவில் 386 வாக்கில் பொன்வாய் யோவான் என்று பேர்பெற்ற கிறிசோஸ்தோம் டிசம்பர் 25க்காக வாதாடி மறையுரை ஆற்றுகிறார். இந்த நாள் நமக்குத் தெரியவந்து பத்து ஆண்டுகூட ஆகவில்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். சந்தேகம் இருந்தால் ரோமில் குடிமதிப்பு ஏடுகள் இருக்கின்றன, பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். அப்புறம் திருமுழுக்கு யோவானின் தந்தை சகரியா தலைமைக் குருவாகப் பாவப்பரிகார நாளில் தூபம் காட்டினார் என்று வைத்து, அங்கிருந்து மாதங்களை எண்ணி டிசம்பருக்கு வருகிறார். சகரியா தலைமைக் குரு என்று லூக்கா எங்கும் சொல்லவில்லை. பொன்வாய்க்காரர் அதைப் பொருட்படுத்தவில்லை.

அலெக்சாண்டிரியா 430களில் இணங்கியது. எருசலேம் கடைசிவரை முரண்டு பிடித்து 6ஆம் நூற்றாண்டில்தான் வழிக்கு வந்தது. ஆர்மீனியத் திருச்சபை வரவே இல்லை. இன்றுவரை ஜனவரி 6இல்தான் பிறப்பு விழா.

இந்தச் சண்டையின் எச்சம்தான் நாம் முதலில் பார்த்த குற்றச்சாட்டு. 12ஆம் நூற்றாண்டுச் சிரிய ஆயர் டயோனீசியஸ் பார் சலீபியின் நூற்பிரதி ஒன்றின் ஓரத்தில் யாரோ ஒரு குறிப்பு எழுதி வைத்தார். புறச்சமயத்தார் டிசம்பர் 25இல் சூரியனின் பிறந்தநாளுக்கு விளக்கேற்றிக் கொண்டாடினார்கள், கிறிஸ்தவர்களும் அதில் போய்க் கலந்தார்கள், அதைப் பார்த்துத் திருச்சபைப் பெரியவர்கள் பிறப்பு விழாவை ஜனவரி 6இலிருந்து அந்த நாளுக்கு மாற்றிவிட்டார்கள் என்று. சூரிய விழாக் கோட்பாட்டுக்காரர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் சான்று இது. நடந்ததாகச் சொல்லப்படும் சம்பவத்துக்குக் கிட்டத்தட்ட 800 ஆண்டு கழித்து, கிழக்குக் கிறிஸ்தவர் ஒருவர் மேற்குக் கிறிஸ்தவர்களைக் குறைசொல்லி எழுதியது என்பதை மட்டும் பெரும்பாலும் சொல்லாமல் விட்டுவிடுவார்கள்.

அடுத்து அந்த ஆயுதத்தை எடுத்தவர்கள் பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான ஆங்கிலேயப் புராட்டஸ்டன்டுகள். பைபிளில் இல்லாத விழா எதற்கு என்பது அவர்களுடைய கேள்வி. 1647 ஜூனில் இங்கிலாந்து நாடாளுமன்றம் கிறிஸ்மஸை ஒழித்தது. அந்த டிசம்பர் 25இல் கான்டர்பரியில் கடைகளைத் திறக்கச் சொன்ன மேயருக்கு எதிராக ஊரே கலவரத்தில் இறங்கியது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1659 முதல் 1681 வரை கிறிஸ்மஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம். பாஸ்டனின் போதகர் இன்கிரீஸ் மேதர் 1687இல் எழுதினார்: அந்தக் காலத்தில் ரோமில் சாட்டர்னாலியா நடந்தது, அதைக் கிறிஸ்தவமாக மாற்றிக்கொண்டார்கள், அதனால்தான் டிசம்பர். 18ஆம் நூற்றாண்டில் பௌல் எர்ன்ஸ்ட் யாப்லோன்ஸ்கி என்ற ஜெர்மன் புராட்டஸ்டன்டு அறிஞர் இதை ஆய்வு நடையில் எழுதினார். ரோமத் திருச்சபை எப்படிக் கெட்டுப்போனது என்று காட்டுவது அவர் நோக்கம். இன்று கிறிஸ்மஸைக் கேலி செய்ய நாத்திகர்கள் பயன்படுத்தும் வாதம் இப்படித் தேவாலய வாசலில் தயாரானது. தமிழ்நாட்டிலும் சில பெந்தெகொஸ்தே சபைகள் கிறிஸ்மஸ் கொண்டாடுவதில்லை. கேட்டால் மேதர் சொன்னதைத்தான் சொல்வார்கள்.

பழக்கவழக்கங்களைப் பற்றி இரண்டு வார்த்தை. வடக்கு ஐரோப்பாவின் யூல் விழாவிலிருந்து கிறிஸ்மஸ் வந்தது என்பதும் பரவலான நம்பிக்கை. ஐஸ்லாந்தின் வரலாற்றெழுத்தாளர் ஸ்னோரி 13ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்தது இதற்கு நேர் எதிர். 10ஆம் நூற்றாண்டில் நார்வே மன்னர் ஹாகோன், அதற்கு முன் ஜனவரி நடுவில் நடந்துவந்த யூலைக் கிறிஸ்மஸ் நாளுக்கு மாற்றச் சட்டம் போட்டாராம். கிறிஸ்தவ விழா தன் இடத்தில் நின்றது. புறச்சமய விழாதான் நகர்ந்து வந்து சேர்ந்தது. பசுமை மரம் ட்ரூயிடுகள் என்ற பழங்கால ஐரோப்பியப் பூசாரிகள் காலத்திலிருந்து தொடர்ந்து வருவதாகச் சொல்வதற்கும் ஆதாரம் இல்லை. 1605இல் ஸ்ட்ராஸ்பூர்க்கில் வீட்டுக்குள் மரம் நட்டுக் காகித ரோஜா, ஆப்பிள், சர்க்கரை தொங்கவிட்டார்கள் என்ற குறிப்பு நம்பத்தகுந்தது. அந்த மரம் இங்கிலாந்தின் நடுத்தர வீடுகளுக்குள் போனது, 1848இல் விக்டோரியா அரசியின் குடும்பம் மரத்தைச் சுற்றி நிற்கும் படம் ஒரு பத்திரிகையில் வந்தபிறகுதான். குடில் மட்டும் கொஞ்சம் வயதானது: 1223இல் இத்தாலியின் கிரெச்சியோவில் அசிசியின் பிரான்சிஸ், உயிருள்ள மாட்டையும் கழுதையையும் வைத்து அமைத்தார்.

தேதியின் கதை இன்னும் முடிந்தபாடில்லை. 1582இல் போப் பதின்மூன்றாம் கிரகோரி நாட்காட்டியைத் திருத்திப் பத்து நாட்களை நீக்கினார். ரஷ்யா, செர்பியா போன்ற நாடுகளின் ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகள் பழைய ஜூலியன் நாட்காட்டியிலேயே இருக்கின்றன. அவர்களுடைய டிசம்பர் 25 நமக்கு ஜனவரி 7. உக்ரைன் 2023இல் அதை விட்டு டிசம்பர் 25க்கு வந்துவிட்டது. காரணம் வானியல் அல்ல, போர். பெத்லகேமிலோ மூன்று கிறிஸ்மஸ்: கத்தோலிக்கருக்கு டிசம்பர் 25, கிரேக்க ஆர்த்தடாக்ஸுக்கு ஜனவரி 7, அங்குள்ள ஆர்மீனியர்கள் தங்கள் ஜனவரி 6ஐப் பழைய நாட்காட்டியில் எண்ணுவதால் ஜனவரி 19. 2100ஆம் ஆண்டு நம் நாட்காட்டியில் லீப் ஆண்டு கிடையாது, ஜூலியனில் உண்டு. அதனால் யாரும் எதையும் மாற்றாவிட்டால், 2101 முதல் ரஷ்யர்களின் கிறிஸ்மஸ் ஜனவரி 8இலும் பெத்லகேம் ஆர்மீனியர்களுடையது ஜனவரி 20இலும் வரும்.